எட்டு மாதம் கையில் கட்டிப் பார்த்த பிரஷர் மெஷின்

இந்த மெஷினை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மேல்கையில் பட்டையைச் சுற்றி ஒரு பட்டனை அமுக்கினால், தானே காற்றேறி, தானே இறங்கி, மூன்று எண்களைக் காட்டும் சாதாரண ரகம். போனோடு இணைகிற வசதியெல்லாம் இல்லை. நான்கு பேட்டரி, ஒரு சின்னத் திரை, இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கணக்கு வைக்கும் நினைவகம், அவ்வளவுதான். வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். பிறந்த நாட்டை விட்டு வந்து, இன்னொரு நாட்டில் அடிமட்ட வேலை பார்ப்பவர் என்றால் கட்டாயம் வாங்குங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட், மதியம் இரண்டுக்கு முடியும். எழுப்பி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, பிரஷர் பார்த்து எழுதுவது எல்லாம் உண்டு. ஒரு நாளில் பன்னிரண்டு, பதினைந்து பேருக்குப் பட்டை கட்டுகிற எனக்கு, என் கையில் கட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. குடியேற்றத்துக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோது தந்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் அதில் 116/74 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்ணை நம்பியே இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

பிறகு தலைவலி வந்தது. பின்மண்டையில் தொடங்கி காதுக்கு மேலே ஏறும். காலை பத்து மணி வாக்கில் வரும், வீட்டுக்கு வந்து படுத்தால்தான் இறங்கும். விடுமுறை நாளில் வராது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். இந்த நாட்டு மொழி எனக்குப் பேச வரும். ஆனால் உடம்பு முடியாதபோது வார்த்தைகள் வந்து சேர்வதில்லை. அதனால் பதின்மூன்று வயது மகனைத் துணைக்குக் கூட்டிப்போனேன்.

நர்ஸ் ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார். நான் கை தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு முறை பார்த்தார்: 132/82. டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் மகனிடம் தமிழில் சொன்னேன்: "வேலையில ஒருத்தங்க என்னைத் தொடாதேன்னு சொல்றாங்க. அதுக்கு அப்புறந்தான் வலி வருது. அதைச் சொல்லு." அவன் கொஞ்ச நேரம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டரிடம், "அம்மாவுக்கு வேலை ரொம்பக் கஷ்டம்" என்று மட்டும் சொன்னான். அவன் விட்டது எனக்குப் புரிந்தது. தன் அம்மாவைப் பற்றி அப்படி ஒன்றை ஓர் அந்நியர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனைக் கூட்டிப்போன என் முடிவுதான் தப்பு.

டாக்டர் சொன்னது இது: "உங்க நாட்டுக்காரங்க நிறையப் பேர் தலைவலின்னு வர்றாங்க. வந்த இடம் பழகணும். தண்ணி குடிங்க, உப்பைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க." ஒன்பது வருடம் ஆகியும் இன்னும் வந்த இடம் பழகாதவளாக என்னை எழுதிக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். எத்தனையோ மருத்துவமனைகளில் போன் மூலம் மொழிபெயர்ப்பாளரைத் தருகிற ஏற்பாடு இருக்கிறது. நேரம் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களாக நினைவுபடுத்துவது அபூர்வம்.

அந்த வாரமே மெஷினை வாங்கினேன். மணிக்கட்டில் கட்டுகிற ரகமும் இருந்தது. சின்னது, பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டு இதயத்தின் உயரத்தில் சரியாக இல்லாவிட்டால் எண் மாறிவிடும் என்பதை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் மேல்கை ரகம்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். கட்டுகிற முறை தெரியாமல் எத்தனை நல்ல மெஷின் வாங்கினாலும் வீண். சட்டைக் கையை விலக்கி வெறும் தோலில் கட்ட வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை மேசைமேல் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும்போது பார்க்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாரம் இப்படிப் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பதுதான் முறை. வீட்டில் பார்க்கும் சராசரி 135/85-க்கு மேல் போனால் உயர் ரத்த அழுத்தம் என்று பல நாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கிளினிக்கில் அந்த எல்லை 140/90. அமெரிக்காவில் எல்லையை இன்னும் கீழே, 130/80-ல் வைத்திருக்கிறார்கள்.

மெஷினின் நினைவகத்தில் எண் இருக்கும், நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது இருக்காது. அதற்காக ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். தேதி, நேரம், எண்கள். நாலாவது கட்டத்தில், அன்று நடந்தது. இந்த மெஷினைப் பற்றி நான் சொல்கிற நல்லது எல்லாம் அந்த நாலாவது கட்டத்தால் வந்ததுதான்.

முதல் இரண்டு வாரத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் 126/80, 128/82. ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தபின் பார்த்தால் 148/94, 151/95. ஒரு நாள் மெஷினை வேலைக்கே எடுத்துப்போய் பத்தேகால் மணி இடைவேளையில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். 163/101. அதே கையில் மறுபடி பார்த்தேன். 159/99.

அன்று நாலாவது கட்டத்தில் இருப்பது இதுதான். ஒரு வயதான அம்மாவின் அறையில் காலை வேலை. கையுறை போட்டுக்கொண்டுதான் போனேன். கையுறை முடிகிற இடத்துக்கும் சீருடையின் கை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும். அந்த அம்மா தினமும் அந்த இரண்டு விரல் அகலத்தைத்தான் பார்ப்பார். அன்று, "அது கழுவினாப் போகாதா? அந்தக் கையால என்னைத் தொடாதே" என்றார். நான் சிரித்த முகமாகவே அவருக்குப் பொத்தான் போட்டு முடித்தேன். முகம் மாறக் கூடாது என்பது எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்தது. வெளியே வந்து சூப்பர்வைசரிடம் சொன்னபோது, "அவங்களுக்கு மறதி நோய், நீ மனசுல வெச்சுக்காதே" என்றார்.

மறதி நோய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை அந்த நோயோடு கடைசி வரை கையில் தாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவின் மேல் எனக்கு இரக்கமும் இருக்கிறது. ஆனால் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டால் அது எங்கே போகும்? மனசில் வைக்கவில்லை, சரி. ரத்தக்குழாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த மெஷின் எனக்கு அதைத்தான் காட்டியது.

எல்லா நாளும் இப்படிப் பெரிதாக ஒன்று நடப்பதில்லை. நாலாவது கட்டத்தில் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். பார்க்க வந்த உறவினர் என்னைத் தாண்டிப் பார்த்து, "யாராவது விவரம் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டது. மாத்திரை எண்ணிக்கையில் என் பெட்டியை மட்டும் இரண்டாவது ஆள் சரிபார்த்தது. நான் சொன்ன யோசனையை யாரும் கேட்காமல், அரை மணி கழித்து இன்னொருவர் சொன்னபோது பாராட்டியது. இவற்றைப் புகாராக எழுதிக் கொடுத்தால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் விஷயமில்லைதான். ஆறு வாரத்து நோட்டை ஒன்றாகப் புரட்டியபோதுதான் எனக்கே கனம் தெரிந்தது.

ஒரு பதிவு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. நாலாவது கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் 149/93. அப்படி ஒன்றல்ல, ஏழெட்டு நாள். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், உறவினர் யாரும் வரவில்லை, சூப்பர்வைசர் விடுப்பு. பிறகு ஏன் ஏறியது? ஒரு நாள் அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் கவனித்தேன். உள்ளே போவதற்கு முன் சீருடைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறேன். கையுறையை மேலே இழுத்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே உடம்பு தயாராகிவிடுகிறது. இதை விழிப்பு நிலை என்று தனியாகவே ஆராய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அவமானத்துக்குக் காத்திருப்பதும், என்ன உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று முன்கூட்டியே சரிசெய்துகொள்வதும்கூட உடம்புக்குச் செலவுதான். சிகாகோ நகரத்து மக்களிடம் எடுத்த தகவல்களை வைத்து 2014-ல் வந்த ஒரு கட்டுரை, கறுப்பின மக்களிடம் இந்த விழிப்பு நிலைக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது.

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். இந்த முறை போனில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் குரல். நான் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல், கூட்டாமல் சொன்னார். "கழுவினாப் போகாதா" என்பதையும் சொன்னார். டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. கிளினிக்கில் சரியாக இருந்து வெளியில் ஏறுகிற பிரஷருக்கு மாஸ்க்டு ஹைப்பர்டென்ஷன் என்று பெயர் என்றார். கிளினிக்கில் மட்டுமே பார்த்தால் அது தப்பிவிடும். வீட்டில் வைத்திருக்கும் மெஷின்தான் அதைப் பிடிக்கும்.

பிறகு 24 மணி நேரம் உடம்பிலேயே மாட்டியிருக்கும் மெஷினை ஒரு நாளைக்குக் கொடுத்தார். பகலில் அரை மணிக்கு ஒரு முறை, இரவில் அதைவிடக் குறைவாகக் காற்றேறும். தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், அதுதான் இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் ஓய்வு. எனக்கு மேல் எண்ணின் பகல் சராசரி 142, இரவில் 136. நாலு சதவீதம்தான் இறங்கியிருந்தது. உடம்பு படுக்கையில் இருந்தாலும் இன்னும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நியூயார்க்கில் எலிசபெத் பிராண்டோலோ குழுவினர் கறுப்பின மக்களுக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களுக்கும் இதே மாதிரி மெஷினை மாட்டிப் பார்த்து, இனப்பாகுபாட்டை அதிகம் அனுபவித்ததாகச் சொன்னவர்களுக்கு இரவு நேர பிரஷர் கூடுதலாக இருந்ததை 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். என் வீட்டு மெஷினால் இதைப் பார்க்க முடியாது. தூங்கும்போது எழுந்து பட்டனை அமுக்கினால் அது தூக்கத்தின் எண் ஆகாது. இதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.

என் ஒருத்தியின் நோட்டு ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு நாற்பத்து நான்கு வயது, வயதுக்கும் பிரஷர் ஏறும். அதிகாலை எழும் வேலை, தூக்கக் குறைவு, அப்பாவுக்கும் பிரஷர் இருந்தது. எல்லாம் சேர்ந்துதான். அதனால்தான் மற்றவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். டேவிட் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளரும் கூட இருந்தவர்களும் டெட்ராய்ட் நகரில் பயன்படுத்தி 1997-ல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒன்பது கேள்விகள். மற்றவர்களைவிட மரியாதை குறைவாக நடத்துகிறார்களா, உங்களுக்கு அறிவு குறைவு என்பதுபோல் நடந்துகொள்கிறார்களா, உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்களா, நீங்கள் நேர்மையில்லாதவர் என்பதுபோல் நடத்துகிறார்களா என்று போகும். படித்தபோது கை நின்றுவிட்டது. என் நாலாவது கட்டத்தில் நான் தமிழில் எழுதி வைத்திருப்பதை யாரோ எனக்கு முன்னாலேயே கேள்விகளாக்கி வைத்திருக்கிறார்கள். மாத்திரைப் பெட்டியை இரண்டாம் முறை எண்ணியது அந்த நேர்மைக் கேள்வியேதான்.

உடம்புக்குள் நடப்பது சிக்கலானதல்ல. ஆபத்து என்று தோன்றினால் அட்ரினலின் சுரக்கும், கார்ட்டிசால் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் தளர்ந்துவிட்டால் கெடுதல் இல்லை. தளர நேரமே கொடுக்காமல் தினமும் நடந்தால் தேய்மானம் சேர்ந்துகொண்டே போகும். 1993-ல் புரூஸ் மெக்யூவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரண்டு பேர் இந்தச் சுமைக்கு அலோஸ்டேட்டிக் லோட் என்று பெயர் வைத்தார்கள். புலம்பெயர்ந்து வருபவர்களில் பலர், வந்த புதிதில் அந்த நாட்டில் பிறந்தவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பார்கள், வருடங்கள் போகப்போக அந்த முன்னிலை கரையும் என்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இதற்கு வாழ்க்கை முறை மாற்றம், வேலையின் தன்மை, சிகிச்சை கிடைக்காமை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். பாகுபாடும் அதில் ஒன்று. என் 116/74 தாளை அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் நடந்தது. 2008 மே 12 அன்று போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் ஓர் இறைச்சி ஆலையைக் குடியேற்ற அதிகாரிகள் சுற்றி வளைத்து 389 பேரைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை ஒரு வருடம் முன் அதே காலத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். எடை குறைந்து பிறக்கும் ஆபத்து 24 சதவீதம் கூடியிருந்தது. அந்த நாட்டிலேயே பிறந்த லத்தீன் தாய்மார்களுக்கும் கூடியிருந்தது. வெள்ளைக்காரத் தாய்மார்களுக்கு அப்படி இல்லை. 2017-ல் வந்த ஆய்வு இது. ஆலைக்குள் காலே வைக்காத, கையில் குடியுரிமைத் தாள் இருந்த பெண்களின் வயிற்றுக்குள்ளும் அந்தப் பயம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் மகன் கிளினிக்கில் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

மெஷினோடு ஒரு விரல் கிளிப்பும் இலவசமாக வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இதை மட்டும் எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள் என்று சொல்வேன். பிரஷர் மெஷின் தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. பட்டைக்குள் காற்றழுத்தம் எப்படி அதிர்கிறது என்பதைத்தான் அது கணக்கிடுகிறது. விரல் கிளிப் அப்படியல்ல. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோல் வழியாகச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கும். தோலில் நிறமி அதிகமாக இருந்தால் கணக்கு தவறலாம். அதுவும் ஆபத்தான பக்கம் தவறும். உண்மையில் குறைவாக இருப்பதை நல்லபடி இருப்பதாகக் காட்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். கோவிட் காலத்தில் மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பல இடங்களில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். புதிதாகக் கண்டுபிடித்த பிழையும் இல்லை. 1990-லேயே ஓர் ஆய்வு இதைச் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ 2021 பிப்ரவரியில்தான் பொதுமக்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. அவர்களுடைய 2013 வழிகாட்டுதலில், சோதனைக்கு எடுப்பவர்களில் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம் பேர், இதில் எது அதிகமோ அத்தனை பேர், கருநிறத் தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும் என்று இருந்தது. யாரும் நம்மை வெறுத்து இதைச் செய்யவில்லை. நம் தோலில் போதுமான அளவு சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் உயிரை எடுக்கும். எங்கள் இல்லத்தில் நான் இப்போது எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மூச்சு எப்படி வாங்குகிறார், உதடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். உங்களுக்கு மூச்சு முட்டும்போது கிளிப் 95 காட்டுகிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால், விடாமல் நின்று கேளுங்கள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். பேட்டரி ஐந்து மாதம் தாங்கியது. திரையில் எண் பெரிதாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே தெரியும். காற்றேறும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒரு சின்ன இதயப் படம் மினுங்கும். கை அசைந்தாலும் மினுங்கும், அதனால் ஒரு முறை மினுங்கியதற்காகப் பதற வேண்டாம், திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டரிடம் போனபோது மெஷினையும் எடுத்துப்போய் அவருடையதோடு ஒப்பிட்டேன். மூன்று எண்ணுக்குள் வித்தியாசம். நீங்களும் வருடம் ஒரு முறை அப்படிச் செய்யுங்கள். வாங்கும்போது, மருத்துவ அமைப்புகள் சோதித்து ஏற்றுக்கொண்ட மாடல்களின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டாக்டர் ஒரு மாத்திரை தொடங்கினார். இப்போது வேலை நாட்களில் மேல் எண் 127-லிருந்து 133-க்குள் இருக்கிறது. தலைவலி குறைந்திருக்கிறது. ஆனால் மாத்திரை அந்த அறைக்குள் வருவதில்லை. அதனால் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். நோட்டிலிருந்து ஆறு வாரத்துப் பக்கங்களை நகல் எடுத்து அதோடு சேர்த்து மேனேஜரிடம் கொடுத்தேன். வாயால் சொன்னபோது "கண்டுக்காதே" என்றவர்கள், எண்களோடு கொடுத்தபோது உட்காரச் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு வேலை நாள் அந்தப் பக்கத்துக்கு வேறு ஆள், மாத்திரைப் பெட்டி எல்லோருக்கும் இரண்டு முறை சரிபார்ப்பு என்று மாற்றினார்கள். அடுத்த மாதம், அந்த அறையிலிருந்து என்னை முழுவதுமாகவே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பதிலாக அங்கே போட்டது என்னைவிடக் கறுப்பான ஒரு தங்கச்சியை. தமிழ்ப் பெண்தான், வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பட்டியலில் அவள் பெயரைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கேட்டது அதை அல்ல. அந்த அறைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பேச்சு வரும்போது கூட இன்னொருவர் நிற்க வேண்டும், குடும்பத்தாரிடம் மேனேஜரே பேச வேண்டும் என்று இப்போது இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

மெஷினில் 1, 2 என்று ஆளுக்கொரு பட்டன் உண்டு. 2 இத்தனை மாதம் காலியாகத்தான் இருந்தது. போன வாரம் அவளை வீட்டுக்கு வரச் சொல்லி உட்காரவைத்துப் பார்த்தேன். 157/98. அவளுக்கு மேல்கை கொஞ்சம் பருமன். நாடாவால் அளந்தேன், 36 சென்டிமீட்டர். என் பட்டை 32 வரைதான். பட்டை சிறிதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் எண் சராசரியாக 5 அளவுக்கும், அதைவிடப் பெரியது தேவைப்படுகிறவர்களுக்கு 20 அளவுக்கும் கூடிவிடுகிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதனால் அந்த எண்ணை அழித்துவிட்டுப் பெரிய பட்டை ஒன்றைத் தனியாக வரவழைத்தேன். இந்தக் கம்பெனியில் அது தனியாகக் கிடைக்கிறது, அது ஒரு நல்ல விஷயம். வாங்கும்போதே கையை அளந்துகொள்ளுங்கள்.

பட்டை வியாழக்கிழமை வந்தது. சரியாகக் கட்டிப் பார்த்தபோது 146/92. அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து நான்கு கட்டம் போட்டுக் காட்டினேன். மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அவங்க சொன்னதை அப்படியே எழுதணுமா?"

"அப்படியே எழுதும்மா" என்றேன்.